இருட்டுக் கூடத்துல எடுத்த தாலிப் படம்

மாதேசா,

உன் லெட்டர் திங்கக்கிழமை கிடைச்சுது. தபால்காரர் ஆபீசுலயே குடுத்துட்டுப் போயிட்டார். அங்கயே மூணு தடவ படிச்சேன், ஊட்டுக்கு வந்து உங்கம்மாவுக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டினேன். நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கறே, சரி. ஷிப்ட் மாறினதுல தூக்கம் கெட்டுப் போச்சுன்னும் எழுதியிருக்கறே, அதை மட்டும் அவளுக்குப் படிக்கல. இங்க நாங்க இருக்கறோம். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. கண்ணு இன்னும் மங்கிட்டு வருது, ரிஜிஸ்தரை மூக்குக்கிட்ட கொண்டு போனாத்தான் எழுத்து தெரியுது. நான் செந்தமிழ்ல லெட்டர் எழுதறவன் இல்லைன்னு உனக்குத் தெரியும். நாள் பூரா 'மேற்படி', 'மேற்கண்டவாறு'ன்னு எழுதி எழுதிச் சலிச்சுப் போன கை இது. உனக்காவது பேசற மாதிரி எழுதறேன், தப்பு இருந்தா சிரிச்சுக்கோ.

சரோஜா கண்ணாலத்துக்கு நீயே படம் எடுக்கறேன்னு பெங்களூர்ல ஒரு மடக்குக் கேமரா வாங்கி வெச்சிருக்கறே. இது வரைக்கும் எடுத்தது ஒரே ரோல், அதுவும் பார்க்குல நல்ல வெயில்ல எடுத்தது. நம்ம கூடத்துல அந்த வெளிச்சத்துக்கு எங்க போறது, பல்பு வெச்சு எடுக்கறதும் தெரியாது, நீ முன்னப்பின்ன படம் எடுத்தவன்தானே, சொல்லுப்பான்னு கேட்டிருக்கறே. சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது பூராவும் தப்புப் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டதுதான். ஆனா அதோட கூட இன்னொண்ணும் சொல்லணும் மாதேசா. கண்ணாலத்துக்கு இன்னும் இருவத்திரெண்டு நாள் இருக்கு, பத்திரிகை அடிச்சுப் பாதிப் பேருக்குக் குடுத்தாச்சு. உன் தங்கச்சிக்கு இந்தக் கண்ணாலத்துல இஷ்டமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. உங்கம்மாவும் கேக்கல. போன மாசம் வரைக்கும் இது கேக்க வேண்டிய ஒரு விஷயம்னே எனக்குத் தோணல. இப்பத் தோணிடுச்சு, தோணினதுலேருந்து வேற எதுவும் மண்டையில ஓடல. ஏன் தோணுச்சுன்னு சொல்லணும்னா நான் எடுத்த ஒரு படத்தைப் பத்திச் சொல்லணும். மொதல்ல நீ கேட்டதைச் சொல்லிடறேன்.

மொதல்ல ஜன்னல். நம்ம கூடத்துக்கு ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, கிழக்கால செவுத்துல, அதையும் கேழ்வரகு கொட்டி வெக்கற தொம்பை பாதி மறைச்சுக்கிட்டு நிக்குது. நீ வந்ததும் நாலு பேரைக் கூப்ட்டு தொம்பையை நகத்திடு. படம் எடுக்கறவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிக்கணும், பொண்ணும் மாப்பிள்ளையும் ஜன்னலைப் பாத்து உக்காரணும். நம்ம வழக்கப்படி மணையைக் கிழக்க பாத்துத்தான் போடுவாங்க, அதனால இது தோதாத்தான் வரும். மாத்தி நின்னியோ, ஜன்னல் வெள்ளைவெளேர்னு வரும், மனுசங்க கரிக்கட்டையா வருவாங்க. வாசக்கதவு, பொறக்கடைக் கதவு ரெண்டும் தொறந்திருக்கணும். தை மாசக் குளுருக்குப் பொம்பளைங்க சாத்தப் பாப்பாங்க, நீ அத்தனை பேரையும் முறைச்சுக்கிட்டுதான் நிக்கணும். பக்கச் செவுத்துல வெளுத்த வேட்டி ஒண்ணை விரிச்சுக் கட்டு, மூஞ்சியோட இருட்டுப் பக்கத்துக்கு அதுலேருந்து கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். காஸ் லைட் ரெண்டு வரும், அதுங்களைப் படத்துக்குள்ள வர விடாதே, பக்கவாட்டுல ஒசரமா மாட்டச் சொல்லு. ஓமத்துல நெய் ஊத்த ஆரம்பிச்சா கூடம் பூரா பொகைதான், அதுக்கு முன்னாடி எடுக்க முடிஞ்சதை எடுத்துடு.

உன் கேமராவுல லென்ஸோட வாய் பெருசா தொறக்கும்னு எழுதியிருக்கறே. நம்பர் சின்னதா வெச்சா வாய் பெருசு, வெளிச்சம் நெறைய உள்ள போகும். ஆனா அப்ப கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கற அடிக் கணக்கு தப்பக் கூடாது. ஆறடின்னு வெச்சுட்டு எட்டடியில நின்னியானா, மூஞ்சி மங்கிப் போயி பின்னால இருக்கற செவுத்து விரிசல் பளிச்சுன்னு வரும். கண்ணால அளக்காதே. ஒரு கயித்துல அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வெச்சுக்கோ, மணை போட்ட உடனே அளந்து, நீ நிக்கற எடத்துல சுண்ணாம்புல ஒரு கோடு கிழிச்சுடு. கேமராவைக் கையில புடிக்காதே. இருட்டுல ஷட்டர் ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு தொறந்திருக்கணும், அவ்வளவு நேரம் எந்த மனுசன் கையும் ஆடாம இருக்காது. ஸ்டாண்டு இல்லைன்னா தகரப் பெட்டி மேல வை. மூச்சைப் புடிச்சுக்கிட்டு மெதுவா அழுத்து, வெடுக்குன்னு அழுத்தாதே. ஒவ்வொரு படம் எடுத்ததும் மறக்காம ரோலைச் சுத்து. நான் மறந்ததுல, சாமல்பட்டி மாமா நெஞ்சு மேல மாட்டுவண்டி ஒண்ணு ஏறிப் போற மாதிரி ஒரு படம் இன்னிக்கும் ஊட்ல இருக்கு. அவர் சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

அப்புறம், ஜனங்க எப்ப அசையாம இருப்பாங்கன்னு பாத்துக்கோ, அதுதான் இருட்டுல எடுக்கறவனுக்கு முக்கியம். மாலை மாத்தறப்ப எடுக்காதே, மாத்தி முடிச்சுத் தலையைக் குனிஞ்சு உக்காருவாங்களே, அப்ப எடு. கைய நீட்டறப்ப எடுக்காதே, நீட்டின கை நிக்கறப்ப எடு. யாரையும் அசையாதேன்னு சத்தம் போடாதே. இதை ஒண்ணுக்கு ரெண்டு தடவையாப் படி மாதேசா. சத்தம் போடாதே.

உங்க நாகு அத்தை கண்ணாலத்தை நீ பாக்கல. உனக்கு அம்மை போட்டிருந்துச்சு, பக்கத்து ஊட்ல வேப்பெலை மேல படுத்திருந்தே. அந்தக் கதையை நான் சிரிச்சுக்கிட்டே சொல்லித்தான் நீ கேட்டிருக்கறே. எட்டு வருசமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பட்டாளத்துக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போன பெட்டிக் கேமரா அப்ப என்கிட்ட வந்து மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. கோயில், தேரு, கொளத்து மேடுன்னு வெயில்ல ரெண்டு ரோல் எடுத்திருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஒரு ரோலுக்கு எட்டுப் படம். கூடப்பொறந்தவ கண்ணாலத்துக்கு நானே எடுக்கறேன்னு மார்தட்டிக்கிட்டுச் சொன்னேன். ஓசூர்லேருந்து படக்காரரைக் கூப்பிடலாம்னு எங்கப்பா சொன்னதுக்கு, எதுக்கு, நான் இல்லையான்னு கேட்டவன் நான்தான்.

மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஜவளகிரிக்காரங்க. நம்ம ஜனங்கதான், ஆனா காட்டோரம் இருக்கறவங்க ஊட்ல கன்னடம் பேசுவாங்க, நாம தமிழ் பேசுவோம். எல்லையை எங்க போடறது, ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு டீக்கடையில சண்டை போட்டுக்கிட்டிருந்த காலம் அது. எங்களுக்குச் சம்பந்தம் வெச்சுக்க அதெல்லாம் ஒண்ணும் குறுக்க வரல. நாகு இங்கயே பொறந்து வளந்தவ, கன்னடம், தெலுங்கு எல்லாம் தண்ணி மாதிரி பேசுவா. நான்தான் சாமல்பட்டியில மாமா ஊட்ல இருந்து படிச்சவன். அந்தப் பக்கம் சுத்தத் தமிழ். பெரியவனா இங்க வந்து, சந்தையில காதால கேட்டுக் கத்துக்கிட்ட கன்னடம் என்னோடது. அதுல ஒரு வாய்க்கொழுப்பு வேற, தமிழ்ல பதில் சொன்னாலும் புரிஞ்சுக்கறவங்ககிட்டக் கூட கன்னடத்துலதான் பேசுவேன். நாகு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா.

அன்னிக்குக் காலையில பொழுது வந்தும் வராத மாதிரி ஒரு தூறல். கூடத்துல பாதிப் பேரு மூஞ்சி கூடத் தெரியல. இவ்வளவு இருட்டுல அந்தப் பெட்டி எதையும் புடிக்காதுன்னு எனக்கே தெரியும். அதுல ஒரு தகடு உண்டு, ஒரு தடவ தள்ளினா ஷட்டர் தொறந்துக்கும், மறுபடி தள்ளினாத்தான் மூடும். நாலு செகண்டு தொறந்து வெச்சா ஏதாவது வரும்னு ஒரு கணக்குப் போட்டு, தகரப் பெட்டி மேல கேமராவை வெச்சுக்கிட்டு அதுக்குப் பின்னால குந்திக்கிட்டேன். அதுக்குள்ள ஏழு படம் எடுத்தாச்சு, மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதைத் தாலிக்குன்னு வெச்சிருந்தேன். மாப்பிள்ளை தாலியை எடுத்து நாகு கழுத்துக்கிட்டக் கொண்டு போயிட்டார். நான் தகட்டைத் தள்ளிட்டேன், ஷட்டர் தொறந்தாச்சு. நாலு செகண்டு அவர் கை அப்படியே நிக்கணுமேன்னு எனக்கு ஒரே பதட்டம். நில்லுங்கன்னு சொல்ல வேண்டியது. கன்னடத்துல 'நில்லி'ன்னா போதும். நான் 'நில்ஸி'ன்னு கத்திட்டேன்.

நில்லின்னா, அப்படியே நில்லுங்கன்னு அர்த்தம். நில்ஸின்னா, இதை நிறுத்துங்கன்னு அர்த்தம். தாலி கழுத்துக்கிட்டப் போறப்ப, பொண்ணோட கூடப்பொறந்தவன், அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி, கண்ணாலத்தை நிறுத்துங்கன்னு சொன்னான். நம்ம ஜனத்துல அது சும்மா போற வார்த்தை இல்ல. அண்ணனோ தாய்மாமனோ மணையில வெச்சு நிறுத்துன்னு சொன்னா நிறுத்தித்தான் ஆகணும், என்ன ஏதுன்னு உக்காந்து பேசித்தான் ஆகணும். மேளம் நின்னு போச்சு. மாப்பிள்ளை கை அப்படியே கீழ எறங்கிடுச்சு. அவங்க பெரியப்பா எந்திரிச்சு, யாக்கே, யாக்கே, ஏன் ஏன்னு கேக்கறார். எங்கப்பா என்னைப் பாத்த பார்வையை நான் இன்னும் மறக்கல. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிடுச்சு. எனக்கு என்ன சொன்னோம்னே சட்டுன்னு தெரியல. தெரிஞ்சதும் ரெண்டு கையையும் ஆட்டி, இல்லீங்க, போட்டோவுக்கு, ஆடாதீங்கன்னு சொல்ல வந்தேன், கன்னடம் தப்பிடுச்சுன்னு தமிழ்லயே கத்தினேன். ஒருத்தர் சிரிச்சார், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. மேளம் மறுபடி அடிச்சுது. தாலி ஏறிடுச்சு. அந்தக் களேபரத்துல ஷட்டரை மூட மறந்துட்டேன், எல்லாரும் சிரிக்கறப்பத்தான் ஞாபகம் வந்து மூடினேன், அதுக்குள்ள பத்திருவது செகண்டு ஆயிருக்கும்.

பெங்களூர்ல கழுவக் குடுத்தேன். ஏழு படம் வெறும் இருட்டு. எட்டாவதுல மாப்பிள்ளைக்கு ரெண்டு மூக்கு, பூசாரிக்கு மூணு கை, எங்கப்பா பொகை மாதிரி ஒரு வெள்ளை. கூடத்துல இருந்த அத்தனை பேரும் திரும்பினாங்க, அசைஞ்சாங்க, கலைஞ்சு போயிட்டாங்க. நடுவுல நாகு மட்டும் கண்ணு மை கூடத் தெரியற மாதிரி பளிச்சுன்னு இருந்தா. தலை குனியல, லென்ஸை நேராப் பாத்துக்கிட்டு இருந்தா. கடைக்காரரே அசந்து போயிட்டார், இந்தப் பொண்ணு மட்டும் எப்படிங்க இவ்வளவு நேரம் ஆடாம இருந்துச்சுன்னார். என் தங்கச்சின்னா சும்மாவா, போட்டோவுக்கு நிக்கணும்னு அவளுக்கு மட்டும்தான் புரிஞ்சுதுன்னு பெருமையாச் சொன்னேன். பெருசு பண்ணி, கண்ணாடி போட்டு, கூடத்துல மாட்டினேன். நீ தினம் பாத்து வளந்த படம் அது. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். ஊர்ல ரெண்டு பேரு எனக்கு நில்ஸின்னே பேரு வெச்சுக் கூப்ட்டாங்க, அதுக்கும் சிரிச்சேன்.

போன மாசம் பத்திரிகை குடுக்க ஜவளகிரி போனேன். மச்சான் ஆடு வாங்கப் போயிருந்தார். நாகு காப்பி வெச்சுக் குடுத்தா. பத்திரிகையை மஞ்சளோட வாங்கி மாடத்துல வெச்சா. நான் சும்மா இருக்காம, சரோஜா கண்ணாலத்துக்கு மாதேசன் படம் எடுக்கறான், அவனாவது என்னாட்டம் கத்தாம இருக்கணும்னு சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. என் கையிலேருந்து காலி டம்ளரை வாங்கிக் கீழ வெச்சுட்டுச் சொன்னா:

"அண்ணா, அன்னிக்கு நீ நில்ஸின்னப்போ, எம்மனசு உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். எங்கண்ணன் ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதேன்னு உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் நீ போட்டோவுக்குன்னே."

அவளுக்கு வேற யார் மேலயாவது மனசு இருந்துச்சா, மாப்பிள்ளையைப் புடிக்கலையா, அதை நான் கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. மச்சான் கெட்டவர் இல்ல மாதேசா, அதையும் சொல்லணும். கை நீட்டினது கெடையாது, குடிக்கறது கெடையாது. ஆனா எட்டு வருசமா அந்த ஊட்ல அவ விருந்துக்கு வந்த ஒறம்பற மாதிரிதான் இருக்கா. நான் எப்பப் போனாலும் பாத்திருக்கறேன், நீயும் பாத்திருப்பே. அதுக்குக் காரணம் காட்டு ஊரு, யானை பயம், குளுருன்னு நானா ஏதோ நெனச்சுக்கிட்டேன். கௌம்பறப்ப அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா, சரோஜாவைக் கேட்டியான்னு. அவ சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும், மாப்பிள்ளை ஊடு உத்தனப்பள்ளியில கெணத்துல மோட்டார் வெச்சிருக்கற நல்ல எடம்னு சொல்லிட்டு பஸ்ஸைப் புடிச்சேன். பஸ்ஸுல உக்காந்தப்புறம்தான் நான் சொன்னது எனக்கே கேட்டுச்சு. எங்கப்பா நாகுவுக்குச் சொன்ன அதே பேச்சு.

அந்தப் படத்துல இருக்கற முகத்தை எட்டு வருசம் பாத்திருக்கறேன். பளிச்சுன்னு வந்திருக்குன்னு பாத்தேனே ஒழிய, அது என்ன சொல்லுதுன்னு பாக்கல. உனக்கு நான் சொல்லிக் குடுக்கறதுக்கு வேற எதுவும் இல்ல. வெளிச்சம், அடிக் கணக்கு எல்லாம் ரெண்டு ரோல் வீணாக்கினா தானா வந்துடும்.

உன்கிட்டயும் ஒண்ணு ஒத்துக்கணும். எட்டாவது முடிச்சப்ப நீ மேல படிக்கணும்னு வாத்தியார்கிட்டச் சொல்லியிருந்தியாம். எனக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள உன்னைப் பெங்களூருக்கு அனுப்பி பிட்டர் வேலை கத்துக்க விட்டாச்சு. உன்னைக் கேக்கல. நீயும் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டே. நல்ல பையன், மறுபேச்சுப் பேசலன்னு ஊர்ல சொல்லிக்கிட்டேன். நம்ம ஊட்ல மறுபேச்சுப் பேசாததுக்குப் பேரு நல்ல புத்தி.

இந்த லெட்டரை உனக்கு அனுப்பி, நீ நாலு நாள் முன்னாடி வந்து சரோஜாகிட்டக் கேளு, உன்கிட்டன்னா சொல்லுவான்னு எழுதலாம்னுதான் ஒக்காந்தேன். எழுதிக்கிட்டே வர்றப்ப வெக்கமா இருக்கு. பெத்தவன் நான் ஊட்லயே இருக்கறேன், கேக்கறதுக்குப் புள்ளையைப் பெங்களூர்லேருந்து வரச் சொல்றேன். இன்னிக்கு இதோட வெக்கறேன்.

வெள்ளிக்கிழமை. விட்ட எடத்துலேருந்து எழுதறேன். நேத்து ஆபீசுக்குப் போகல. சரோஜா பொறக்கடையில குந்திக்கிட்டு, ஊறப் போட்ட அவரைக்கொட்டையைத் தோல் நீக்கப் பிதுக்கிக்கிட்டு இருந்தா. உங்கம்மா தண்ணிக்குப் போயிருந்தா. நானும் எதிர்ல குந்தி ஒரு கை அவரையை எடுத்துப் பிதுக்கினேன். அதுலயே அவ பயந்துட்டா, நான் என்னிக்கு அந்த வேலை செஞ்சிருக்கறேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம, உத்தனப்பள்ளிக்குப் போறதுல உனக்கு இஷ்டம்தானேன்னு கேட்டேன். தானேன்னு சேத்துக் கேட்டது தப்புன்னு வாயிலேருந்து வந்ததும் தெரிஞ்சுது. மறுபடி கேட்டேன், உனக்கு இஷ்டமா, இல்லையா, எதுவா இருந்தாலும் சொல்லுன்னு. அவ பிதுக்கிக்கிட்டே இருந்தா. கிண்ணம் ரொம்புச்சு. அப்புறம் தலையைத் தூக்காமச் சொன்னா, எனக்கு அங்கப் போக இஷ்டம் இல்லப்பான்னு.

மனசுல வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். இல்லைன்னா. பையன் சரியில்லையா, ஏதாவது கேள்விப்பட்டியான்னு கேட்டேன். அவங்க நல்லவங்கதான், எனக்குச் சொல்லத் தெரியல, நெனச்சா மூச்சு முட்டுதுன்னா. எனக்குக் கோவம் கூட வந்துச்சு மாதேசா, மறைக்க மாட்டேன். பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி, வெத்தலைபாக்கு மாத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன். அவ அப்பத்தான் என்னைப் பாத்தா.

"நீ கேக்கலியேப்பா."

அதுக்கப்புறம் எனக்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கல. எந்திரிச்சுக் கையைக் கழுவிக்கிட்டேன்.

உங்கம்மாகிட்டச் சொன்னேன். அவ அழுதா, தலையில அடிச்சுக்கிட்டா, மானம் போச்சுன்னா. புள்ளை பயத்துல ஏதோ சொல்றா, போனா எல்லாம் சரியாயிடும், நாங்கல்லாம் அப்படித்தான் வந்தோம்னா. கடைசியா, என்னை எந்த அப்பன் கேட்டான்னு ஒரு வார்த்தை கேட்டா. இருவத்தஞ்சு வருசம் கூட இருந்தவ, நேத்துத்தான் இதைக் கேட்டா. அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசல. கோவம் யார் மேலன்னு எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியுமோ என்னவோ.

இன்னிக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே உத்தனப்பள்ளி போனேன். நிச்சயத்துக்கு அவங்க வெச்ச பொடவை, தட்டு எல்லாத்தையும் பையில எடுத்துக்கிட்டேன். பையனோட அப்பா களத்துல கேழ்வரகு அடிச்சுக்கிட்டு இருந்தார். என்னைப் பாத்ததும் வாங்க சம்பந்தின்னு கட்டில் எடுத்துப் போட்டார். அந்த வார்த்தையைக் கேட்டுட்டு உக்கார முடியல, நின்னுக்கிட்டே சொன்னேன். எங்க பொண்ணுக்கு இஷ்டம் இல்லீங்க, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல, முன்னாடியே கேக்காதது என் தப்பு, மன்னிச்சுக்குங்கன்னேன். அவருக்கு மொதல்ல புரியவே இல்ல. யாராவது கோள் சொன்னாங்களா, மோட்டார் விஷயத்துல ஏதாவது கேள்விப்பட்டீங்களான்னு கேட்டார். இல்லீங்க, பொண்ணைக் கேட்டேன், அவ வேணாங்கறான்னு மறுபடி சொன்னேன். பொட்டப்புள்ளையைக் கேட்டுட்டுத்தான் உங்க ஊர்ல கண்ணாலம் பண்றீங்களான்னார். இது வரைக்கும் இல்லீங்கன்னேன். பையைக் கையில வாங்க மாட்டேன்னுட்டார். கட்டில் மேல வெச்சுட்டு, கும்பிட்டுட்டு வந்துட்டேன். களத்துல வேலை செஞ்சவங்க அத்தனை பேரும் கோலைக் கீழ போட்டுட்டுப் பாத்தாங்க.

நல்ல காரியம் பண்ணிட்டேன்னு எனக்கு ஒண்ணும் தோணல. ஒடம்பு பூரா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நாளைக்கு ஓசூர் போயி, பத்திரிகை குடுத்த ஊடு ஊடா ஏறி எறங்கணும், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பதில் சொல்லணும். அவங்களுக்கும் பாவம், நல்ல ஜனங்க, ஊர்ல தலைகுனிவு. இதுக்கப்புறம் சரோஜாவை யாரு கேட்டு வருவாங்கன்னு உங்கம்மா நெனக்கறதும் பொய்யில்ல. நாகுவுக்கு இன்னும் சொல்லல. சொன்னா சந்தோசப்படுவாளா, எனக்கு மட்டும் ஏன் இல்லைன்னு நெனப்பாளான்னு தெரியல. ரெண்டுக்கும் அவளுக்கு நியாயம் உண்டு. நேர்ல போய்த்தான் சொல்லணும்.

அதனால மாதேசா, நீ கேட்டதுக்கு மேல பதில் எழுதியிருக்கறேன், ஆனா தையில கண்ணாலம் இல்ல. லீவு எழுதிக் குடுத்திருந்தா ரத்துப் பண்ணாதே, வந்துட்டுப் போ. உன்னையும் நான் கேக்க வேண்டியது இருக்கு, பிட்டர் வேலை புடிச்சுத்தான் செய்யறியான்னு. லெட்டர்ல வேணாம், நேர்ல சொல்லு. வர்றப்ப உங்கம்மாவுக்குக் கம்பளி ஒண்ணு எடுத்துக்கிட்டு வா, அவளோடது நைஞ்சு போச்சு. கேமராவைக் கொண்டு வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

ஊட்ல இப்ப யாரும் பேசறதில்ல. இன்னிக்கு மத்தியானம் களியும் அவரைக் கொழம்பும் வெச்சிருந்தா உங்கம்மா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் தட்டை வெச்சா. நானும் தலையைத் தூக்காமச் சாப்பிட்டேன். ஒரு மாசமா அரை உருண்டைக்கு மேல தொடாத உன் தங்கச்சி, முழு உருண்டையும் தின்னுட்டு, அம்மா இன்னொண்ணு போடுன்னு கேட்டா. உங்கம்மா அவளைப் பாத்தா. அப்புறம் தனக்குன்னு எடுத்து வெச்சிருந்த உருண்டையை எடுத்து அவ தட்டுல வெச்சா.

உன் அப்பா.